நான் அழித்த அம்பு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் உள்ளவர்களுக்கும், மார்க்கெட்டில் மீன் விற்பவருக்கும், ஞாயிற்றுக்கிழமை கோவிலில் என் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கும் இது தெரியும். அலுவலகத்தில் மட்டும் தெரியாது. அங்கே எனக்குப் பொறுமைசாலி என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

லிப்ட் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் திட்டப் பிரிவில் இருக்கிறேன். எந்த ஆள் எந்தக் கட்டடத்துக்கு எந்த நாளில் போக வேண்டும் என்று அட்டவணை போடுவது என் வேலை. எங்கள் ஆட்களுக்கு இரண்டு வேலைகள். ஒன்று சர்வீஸ். மாதம் ஒருமுறை ஒவ்வொரு லிப்டுக்கும் போய், துடைத்து, கிரீஸ் போட்டு, பிரேக்கைப் பார்த்து, மோட்டார் ரூம் சுவரில் தொங்கும் கார்டில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். இன்னொன்று பிரேக்டவுன். லிப்ட் நின்றுவிட்டது என்று அழைப்பு வந்தால் போட்டது போட்டபடி ஓட வேண்டும். இரண்டையும் செய்வது அதே ஆட்கள்தான், இரண்டிரண்டு பேராக.

இரண்டு வருடமாக பிரேக்டவுன் அழைப்புகள் ஏறிக்கொண்டே போயின. மாதக் கூட்டத்தில் எங்கள் மேலாளர் சிவப்புக் கோட்டைத் திரையில் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: யாருடைய வட்டாரம்? ஏன் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. யார், யார், யார். பதில் எப்போதும் புக்கிட் மேரா பக்கத்துப் பழைய கட்டடங்களைக் கவனிக்கும் சூப்பர்வைசர் தலையில் வந்து விழும். பழைய லிப்ட் அதிகம் பழுதாகும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எங்கள் கூட்டத்துக்கு மட்டும் தெரியாது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அந்த சூப்பர்வைசர் தூத்துக்குடிக்காரர். பதினாலு வருடமாக இந்த நாட்டில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு நாங்கள் இருவரும் ஒரே மாதா கோவிலுக்குப் போகிறவர்கள். அலுவலகத்தில் என்னை மேடம் என்பார், கோவில் வாசலில் அக்கா என்பார். அவர் மனைவி இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி ஆறு வருடம் ஒருவர் இங்கேயும் ஒருவர் அங்கேயுமாக இருந்து, ஒருவழியாக அவளுக்கும் இங்கே வேலை கிடைத்து, சிராங்கூனில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் குடித்தனம் ஆரம்பித்திருந்தார்கள். இங்கே தங்கி வேலை செய்ய அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை பாஸ் ஆகஸ்டில் முடிகிறது. மேலாளர் கையெழுத்துப் போட்டால்தான் புதுப்பிப்பார்கள். போடாவிட்டால் அவர் ஊருக்குப் போக வேண்டும். அவள் போக முடியாது. ஊரில் இருவர் வீட்டுக்கும் அவள் சம்பளம் போகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தப் படத்தை வரைய உட்கார்ந்தேன்.

படம் என்றால் சிஸ்டம் டைனமிக்ஸ் மாடல். டோபி காட் பக்கத்தில் சனிக்கிழமை மதியங்களில் ஒரு வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வாளியில் தண்ணீர் விழுகிறது, ஓட்டை வழியாக ஒழுகுகிறது. விழுவதும் ஒழுகுவதும் எவ்வளவு என்று தெரிந்தால் வாளியில் எவ்வளவு நிற்கும் என்று சொல்லலாம். நிறுவனத்திலும் அப்படி வாளிகள் உண்டு: பாக்கி நிற்கும் வேலை, ஆட்களின் அனுபவம், ஆட்களின் அசதி. எது எதைக் கூட்டுகிறது, எது எதைக் குறைக்கிறது என்று அம்பு போட்டு இணைத்துக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டால், இன்றைக்கு எடுக்கும் முடிவு ஒரு வருடம் கழித்து எங்கே வந்து இடிக்கும் என்று பார்க்கலாம். வகுப்பில் முதல் நாளே சொன்னது, அம்பு போடுவதற்கு முன்னால் அந்த வேலையைச் செய்கிறவனிடம் போய்க் கேள் என்பதுதான்.

மேலாளரிடம் சொன்னபோது அவருக்குக் குஷி தாங்கவில்லை.

"நல்ல ஐடியா மா. மாடல் போடுங்க. யாரு ப்ராப்ளம்னு கிளியரா தெரிஞ்சிடும் லா."

அந்த இடத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். யார் குற்றம் என்று கண்டுபிடிக்கிற கருவியே இல்லை சார் இது, குற்றவாளியைத் தேடுகிற புத்தியை விடுவதற்கான கருவி என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பொறுமைசாலியாயிற்றே. தலையாட்டிவிட்டு வந்தேன்.

முதல் வாரம் வெள்ளைப் பலகையில் அழகான ஒரு வட்டம் வரைந்தேன். பிரேக்டவுன் கூடினால் ஆட்கள் அங்கே ஓடுவார்கள். ஓடினால் சர்வீஸ் விட்டுப்போகும். சர்வீஸ் விட்டுப்போனால் பிரேக்டவுன் இன்னும் கூடும். பராமரிப்பு வேலை நடக்கும் எந்த ஊரிலும் இருக்கிற நச்சு வட்டம் இது. ஆனால் கம்ப்யூட்டரில் பார்த்தால் எங்கள் சர்வீஸ் ஒரு மாதம்கூட விட்டுப்போகவில்லை. எல்லா லிப்டும், எல்லா மாதமும் பச்சை. பிரேக்டவுன் இரண்டு மடங்கு வந்த மாதத்திலும் பச்சை. அப்படியானால் சர்வீஸ் முழுசாக நடந்தும் பிரேக்டவுன் கூடுகிறது, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று முடிவுகட்டி, சர்வீஸிலிருந்து பிரேக்டவுனுக்குப் போகும் அம்பை அழித்துவிட்டேன். கையாலேயே, துடைப்பான்கூட எடுக்காமல்.

இத்தனை வருடம் அட்டவணை போடுகிறவள் நான். ஒரே ஆள் ஒரே காலையில் இரண்டு இடத்தில் நிற்க முடியாது என்று எனக்குத் தெரியாதா? பச்சை நிறம் கண்ணை மறைத்துவிட்டது. பஸ் ஏறினால் இருபது நிமிடத்தில் அந்தக் கட்டடங்கள். நான் போகவில்லை. யாரிடமும் கேட்கவில்லை.

அம்பு போன பிறகு வேறு காரணம் தேட வேண்டுமல்லவா? பழுதுபார்ப்பது சரியில்லை, அதனால் அதே லிப்ட் மறுபடி நிற்கிறது என்று ஒரு வட்டம் போட்டேன். மாடல் போட்ட கோடு உண்மையில் நடந்ததோடு கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தியதும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடி நிற்கும் லிப்டுகள் எங்கே அதிகம் என்று பார்த்தால், புக்கிட் மேரா.

கூட்டத்தில் இயக்குநரும் இருந்தார். அவர் சீனப் பெண்மணி, கூட்டம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். மாடலில் சர்வீஸை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று மாற்றிக் காட்டச் சொன்னார் மேலாளர். மாற்றினேன். பிரேக்டவுன் கோடு அசையவே இல்லை. அசையாது; அந்த அம்பைத்தான் நான் அழித்துவிட்டேனே! சர்வீஸால் பெரிய பிரயோஜனம் இல்லை, அதைக் குறைத்தால் ஆட்களையும் குறைக்கலாம், பழுதுபார்ப்பதில் கோளாறு இருக்கிற வட்டாரத்துக்குப் புது சூப்பர்வைசர் போடலாம் என்று மேலாளர் அடுக்கிக்கொண்டே போனார். இயக்குநர் குறித்துக்கொண்டார். ஒரு மாதத்தில் முடிவெடுக்கலாம் என்றார். சூப்பர்வைசர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் தூக்கில் போட எங்கள் மேலாளர் தேடிக்கொண்டிருந்த கயிற்றை நானே திரித்துக் கொடுத்திருந்தேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவரை விடவில்லை. சிராங்கூன் ரோட்டைத் தாண்டி ஒரு சந்தில் டீக்கடையில் உட்காரவைத்தேன். அவர் மனைவிக்கு அன்று டூட்டி.

"ஏன் தம்பி வாயத் திறக்கல? உங்கமேல பழி போடுறாங்க, நீங்க பாட்டுக்கு மேசையப் பாத்துட்டு இருக்கீங்க?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"என்னத்தச் சொல்லச் சொல்றீங்கக்கா? சர்வீஸ் எங்க நடக்குது? கார்டு எழுதுறதுதான் நடக்குது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். காலையில் சர்வீஸுக்குப் போய்க் கருவிப் பையைத் திறப்பதற்குள் பிரேக்டவுன் அழைப்பு வரும். இரண்டு பேரும் ஓடுவார்கள். அங்கே முடிவதற்குள் இன்னொன்று. சர்வீஸ் கார்டு காலியாக இருந்தால் என் அட்டவணையில் அந்த டீம் சிவப்பாகும். சிவப்பானால் அந்த ஆட்களின் பாஸ் புதுப்பிக்கும்போது கேள்வி வரும். அதனால் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், வட்டாரத்துக் கார்டுகளையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு காப்பிக் கடைக்கு வருவார்கள். ஆளுக்கொரு கட்டாகப் பிரித்து, தேதி போட்டு, கையெழுத்திட்டு, போனில் ஏற்றிவிட்டு, அடுத்த வாரம் போகிற போக்கில் சுவரில் மாட்டிவிடுவார்கள். அதற்குக் கார்டு வெள்ளி என்று பெயரே வைத்திருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு தனிக் கிழமை!

"யாரு ஆரம்பிச்சு வச்சது?"

"இப்ப நான்தான் எழுதச் சொல்றேன். எனக்குச் சொல்லிக் குடுத்தது நம்ம மேனேஜர் சார்தான். அவரு சூப்பர்வைசரா இருந்தப்ப அவருகிட்டத்தானே நான் வேல பாத்தேன். அந்தக் காப்பிக் கடையே அவரு புடிச்ச கடதான்."

நான் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, பயிர் சரியாக வளரவில்லை என்று கூட்டம் போட்டுக் கேட்கிறது. சூப்பர்வைசர்மேலும் எனக்குக் கோபம். மனுஷர் ஏறி இறங்குகிற பெட்டி இது, இதில் பொய் எழுதலாமா என்று கேட்டேன்.

"தப்புதான்க்கா. சில பிரேக்க நெனச்சா எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது. ஆனா இத நீங்க ஆபீஸ்ல சொல்லிராதீங்க. சொன்னா நான் மறுநாளே பெட்டியக் கட்டணும். அவ ஒத்தையில நிப்பா."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் அவரோடு புக்கிட் மேராவுக்குப் போனேன். இத்தனை வருட வேலையில் மோட்டார் ரூமுக்குள் போனது அதுதான் இரண்டாவதோ மூன்றாவதோ முறை. இயந்திரத்தின்மேல் விரல் வைத்தால் விரல் கறுப்பாகிறது. கிரீஸ் காய்ந்து தோலாக உரிகிறது. சுவரில் கார்டு மட்டும் பளிச்சென்று இருந்தது. அதில் அடுத்த மாதச் சர்வீஸும் முடிந்துவிட்டிருந்தது, கையெழுத்தோடு. இரண்டு மாதத்துக்குச் சேர்த்து எழுதிவிடுவார்களாம்.

மாடலைத் திரும்பப் போட்டேன். அழித்த அம்பை மறுபடி வரைந்தேன். சர்வீஸ் உண்மையில் எவ்வளவு நடந்தது என்பதற்குக் கார்டை நம்பாமல், ஸ்டோரிலிருந்து எடுத்த கிரீஸையும் பிரேக் கட்டைகளையும் எண்ணினேன். பொருள் பொய் சொல்லாது. கோடு முன்னைவிட நன்றாகப் பொருந்தியது. புக்கிட் மேராவில் மட்டும் இல்லை, எல்லா வட்டாரத்திலும் அதே கதைதான் என்றும் காட்டியது. ஆறு பேரைத் தனியாகப் பிரித்து, என்ன அழைப்பு வந்தாலும் அவர்கள் சர்வீஸை விட்டு அசையக் கூடாது என்று வைத்தால், முதல் இரண்டு மூன்று மாதம் பிரேக்டவுன் இன்னும் மோசமாகும், அதன் பிறகு இறங்கும். இறங்கிக்கொண்டே போகும். யாரையும் வேலையைவிட்டு அனுப்பவேண்டியதே இல்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதைக் காட்டினேன். கார்டைப் பற்றி மூச்சு விடவில்லை. ஸ்டோர் கணக்கை வைத்துப் போட்ட உத்தேசம் என்றேன். மேலாளர் சிரித்துக்கொண்டே கேட்டார், சர்வீஸ் எல்லாம் முடிந்ததாகக் கார்டு சொல்கிறதே, நம் ஆட்கள் எழுதிய கார்டு பொய் என்கிறீர்களா என்று. அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது; அந்தச் சிரிப்பே சொன்னது. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்ததால், ஸ்டோர் கணக்கையே மறுபடி காட்டினேன். இயக்குநர், சரி, முதல் மாடலின்படியே ஆட்களைக் குறைத்துவிடலாம் என்று பேனாவை எடுத்தார்.

சூப்பர்வைசர் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து நாலைந்து கார்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். இன்னும் வராத தேதிகளில் கையெழுத்திட்ட கார்டுகள். மேலாளரைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"கார்டு பொய் சார். சர்வீஸ் பாதிகூட நடக்கல. நான்தான் எழுதச் சொன்னேன். நீங்க சூப்பர்வைசரா இருந்தப்ப எனக்கு எப்படிச் சொல்லிக் குடுத்தீங்களோ, அப்படியேதான் எழுத வச்சேன். ஆளக் கொறைக்காதீங்க சார், யாராச்சும் செத்துருவாங்க."

இயக்குநருக்குத் தமிழ் தெரியாது. அவர் என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். கார்டு பொய் என்றேன். சர்வீஸ் பாதிகூட நடக்கவில்லை என்றேன். இவர்தான் எழுதச் சொன்னாராம் என்றேன். அடுத்தது, எழுதச் சொல்லிக் கொடுத்ததே மேலாளர்தான் என்ற வாக்கியம். மேலாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்களைக் குறைத்தால் உயிர் போகும் என்கிறார் என்று நேராகக் கடைசி வாக்கியத்துக்குத் தாவிவிட்டேன்.

அவ்வளவுதானா என்று இயக்குநர் கேட்டார். அவ்வளவுதான் என்றேன்.

சூப்பர்வைசருக்கு ஆங்கிலம் புரியும். நான் எதை விட்டேன் என்று அவருக்குத் தெரியும். அவரே அதை ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

ஆதாரம் இல்லை, சொன்னால் அவருக்குத்தான் இன்னும் கெடுதல், எனக்கு இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று ஆயிரம் காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் நிற்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். மீன்காரரிடம் பத்து நிமிடம் நியாயம் பேசுகிற வாய்க்கு, ஒரே ஒரு வாக்கியம் வரவில்லை.

பொய் ஆவணம் எழுதியதற்காக அவரை நீக்கினார்கள். பாஸை ரத்துசெய்தார்கள். ஊருக்குப் போக முப்பது நாள். அவரிடம் வேலை செய்தவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம். அந்தக் கடிதத்தில் மேலாளர் கையெழுத்து. மற்ற வட்டாரங்களில் கார்டு வெள்ளி உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் எல்லோரையும் அனுப்பவேண்டி வரும்.

ஆனால் மாடலை ஏற்றுக்கொண்டார்கள். இயக்குநர் பிடிவாதமாக நின்று ஆறு பேரைப் பிரித்துக் கொடுத்தார். முதல் இரண்டு மாதம் பிரேக்டவுன் ஏறியது. மூன்றாவது மாதம் நின்றது. பிறகு நான் போட்ட கோட்டின்மேலேயே இறங்கியது. எங்கள் கண்டுபிடிப்பு என்று மேலாளர் மற்ற பிரிவுகளுக்கெல்லாம் போய்க் காட்டுகிறார். நான் பக்கத்தில் நின்று படத்தை மாற்றிக் கொடுக்கிறேன். அந்தப் படத்தில் ஆட்கள் என்று ஒரு வாளி இருக்கிறது. விலகுகிறவர்களுக்கு அதில் ஓர் ஓட்டை. சூப்பர்வைசர் அந்த ஓட்டை வழியாகப் போன ஒன்று. ஒன்று போனால் கோட்டில் ஒன்றும் தெரியாது. கைதட்டுகிறார்கள்.

ஒருநாள் அலுவலக லிப்டில் நானும் மேலாளரும் மட்டும் இறங்கினோம்.

"அன்னிக்கு நல்லா டிரான்ஸ்லேட் பண்ணீங்க மா," என்றார்.

நன்றி சார் என்றேன். அறைந்திருக்க வேண்டும். நன்றி என்றேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், வாசலில் சூப்பர்வைசரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். இரவு டூட்டி முடிந்து அப்படியே வந்திருக்கிறாள், யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. சிராங்கூன் அறையை விட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாளாம். நான் பார்க்காத மாதிரி நழுவப் பார்த்தேன். அவள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, லிப்டெல்லாம் இப்ப நல்லா ஓடுதாமே? இவருகிட்ட வேல பாத்த பசங்க போன் பண்ணாங்களாம். இவரு ஒரே சந்தோஷம். அக்கா போட்ட கணக்குன்னு ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டுத் திரியிறாரு."

அவள் முகத்தைப் பார்த்தேன். அவர் அவளிடம் சொல்லவில்லை. நான் விட்ட வாக்கியத்தைப் பற்றி மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை.

"இருங்கக்கா, இப்பக் கூப்பிடுறேன், நீங்களே பேசுங்க. உங்க குரலக் கேட்டா ரொம்ப சந்தோஷப்படுவாரு."

அவள் போனை எடுத்து அழுத்தினாள். மணி அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்தப் பக்கம் எடுத்துவிட்டார். "அக்கா இருக்காங்களா? குடு, குடு" என்று அவர் குரல் கேட்டது.

என் பஸ் வந்துவிட்டது, அடுத்த வாரம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்து என் கையை எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ் எதுவும் வரவில்லை.